மின்திருக்கையிலிருந்து டென்ஸ் கருவி வரை

ரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், கவுட் என்னும் மூட்டுவலி கண்டவர் ஈரமான கடற்கரையில் நின்று, உயிருள்ள மின்திருக்கை மீனைக் காலடியில் வைத்து, முழங்கால் வரை மரத்துப்போகும்வரை காத்திருக்க வேண்டும் என்று கி.பி. முதலாம் நூற்றாண்டில் எழுதிய மருந்து நூலில் கூறியுள்ளார். நரம்பைத் தூண்டுவது வலியை எவ்வாறு தணிக்கக்கூடும் என்பதற்கான விளக்கம் மிகப் பின்னரே வந்தது: 1965இல் ரொனால்டு மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் வெளியிட்ட ‘வாயில் கட்டுப்பாட்டுக் கோட்பாடு’, தொடுவுணர்வைக் கடத்தும் தடித்த நரம்பிழைகள் தூண்டப்படும்போது, மெல்லிய இழைகள் கொண்டுவரும் வலிச்செய்தி தண்டுவடத்திலேயே தடைபடுகிறது என்று விளக்கியது. இதன் அடிப்படையில் எழுந்த டென்ஸ் கருவி, தோலில் ஒட்டப்படும் மின்முனைகள் வழியாகச் சிறு மின்துடிப்புகளைச் செலுத்தி நரம்பைத் தூண்டுகிறது; காயத்துக்குப் பின் தளர்ந்த தசையைச் சுருங்கச் செய்து வலுவூட்டும் மின்தூண்டல் இதனின்று வேறுபட்டது. டென்ஸ் வலியைத் தற்காலிகமாகத் தணிக்கக்கூடுமேயன்றி வலியின் மூலத்தைக் குணப்படுத்துவதில்லை; பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மருத்துவரின் அனுமதியின்றி இதனைப் பயன்படுத்தலாகாது.