நாளும் மாதமும் ஆண்டும்

நாம் தேதியை நாள், மாதம், ஆண்டு என மூன்றாகப் பகுத்து எழுதுகின்றோம். ஜாவாஸ்கிரிப்டு என்னும் கணினிமொழியோ அதனை ஒரே எண்ணாக வைத்திருக்கின்றது. 1970-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், உலகப் பொதுநேர நள்ளிரவு தொட்டுக் கழிந்த மில்லிநொடிகளின் தொகையே அவ்வெண். அதனைப் பிரித்துத் தரும் கட்டளைகள் சில உள.

‘கெட்-டேட்’ நாளைத் தரும். ‘கெட்-டே’ என்பது கிழமையைத் தரும். பெயரின் ஒற்றுமை கண்டு மயங்கற்க.

மாதத்தைத் தருவது ‘கெட்-மந்த்’. இங்கேதான் மிகுந்த விழிப்பு வேண்டும். ஜனவரியை அது பூச்சியமாகக் கொண்டு எண்ணும். எனவே ஆகஸ்டுக்கு ஏழு. ஒன்று கூட்ட மறந்தால், விண்ணப்பத்தின் கடைசி நாளாகிய ஆகஸ்டு 15, ஜூலை 15 எனத் தோன்றும். ஜூலையிலும் 15 உண்டன்றோ? ஆதலால் கணினி பிழையென்று உரைக்காது. காலம் கடந்ததெனக் கருதி வாய்ப்பை இழப்பவர் விண்ணப்பதாரரே. பிரெண்டன் ஐக் 1995-இல் இம்மொழியை விரைந்து படைத்தபோது, தேதிப் பகுதி ஜாவா மொழியினின்று எடுத்துக்கொள்ளப்பட்டது. இவ்வழக்கமும் உடன் வந்தது.

ஆண்டுக்குக் ‘கெட்-ஃபுல்-இயர்’ உரியது. பழைய கட்டளையாகிய ‘கெட்-இயர்’ 1900-ஐக் கழித்து, 1999-க்கு 99 எனத் தந்தது. அதன்முன் 19 என ஒட்டிக் காட்டிய வலைப்பக்கங்கள், 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது 19100 என அறிவித்தன!

இன்னும் ஒன்று. சென்னையில் 15-ஆம் தேதி காலை நான்கு மணியாகும் கணத்தில், இலண்டன் கணினி 14 என்றே கூறும். யாவர்க்கும் பொதுவான நாள் வேண்டுமாயின் ‘கெட்-யூடிசி-டேட்’ என்பதைக் கையாளுதல் வேண்டும்.