டர்போ வண்டிகளில் பின் அச்சு விகிதமும் டயர் அளவும்

ஒரு மோட்டார் வண்டி எவ்வளவு விரைவாகப் புறப்படும், எத்தகைய மேட்டை ஏறும், ஒரு லிட்டர் எரிபொருளில் எத்துணைத் தொலைவு செல்லும் என்பவை எஞ்சினின் குதிரைத்திறனை மட்டும் பொறுத்தவை அல்ல. எஞ்சினில் பிறக்கும் ஆற்றல் கியர்ப் பெட்டியைக் கடந்தபின், தரையை அடையுமுன், மேலும் இரண்டு இடங்களில் மாற்றம் பெறுகிறது. ஒன்று பின் அச்சிலுள்ள பற்சக்கர இணை, மற்றொன்று டயர். இவ்விரண்டையும் தனித்தனியே கருதுவதே பெரும்பாலோர் வழக்கம். உண்மையில் இவை ஒரே கணக்கின் இரண்டு உறுப்புகளாகும். டர்போ சார்ஜர் பொருத்திய வண்டிகளில் இக்கணக்குத் தவறினால் விளைவு உடனே புலப்படும். இன்று அலுவலகப் பணிக்குப் பயன்படும் டீசல் ஜீப்புகளில் மிகப் பல டர்போ எஞ்சின் உடையவை ஆதலின், இதனை அறிந்திருத்தல் களப்பணியாளர்க்கு நேரடிப் பயன் தருவதாகும்.

பின் அச்சின் பணி

எஞ்சினிலிருந்து வரும் நீண்ட தண்டின் முனையில் பினியன் என்னும் சிறு பற்சக்கரம் உள்ளது. அது கிரவுன் சக்கரம் என்னும் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. கிரவுன் சக்கரத்தின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் கிடைப்பது பின் அச்சு விகிதம். 41 பற்களை 12 பற்கள் சுழற்றினால் விகிதம் 3.42; 11 பற்கள் சுழற்றினால் 3.73, 10 பற்கள் சுழற்றினால் 4.10.

விகிதம் பெரிதாயின் சக்கரத்தில் முறுக்கு விசை மிகும். அதே வேகத்திற்கு எஞ்சின் கூடுதலாகச் சுற்ற வேண்டும். விகிதம் சிறிதாயின் விசை குறையும். எஞ்சின் நிதானமாகச் சுற்றும். ஒன்றைப் பெற மற்றொன்றை இழப்பதே பற்சக்கரங்களின் பொதுவிதி.

கிரவுன் சக்கரத்தின் பற்கள் 41 ஆக இருப்பது தற்செயலன்று. 41 ஒரு பகா எண். ஆகவே பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுன் சக்கரத்தின் எல்லாப் பற்களையும் முறையாகச் சந்தித்த பின்னரே முதற் பல்லுக்குத் திரும்பும். தேய்மானம் ஒரே இடத்தில் சேராமல் எங்கும் சமமாகப் பரவும். பகா எண்களின் பயனை வகுப்பில் விளக்க இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

டயரும் ஒரு பற்சக்கரமே

பின் அச்சு ஒரு முறை சுற்றும்போது வண்டி எவ்வளவு தூரம் நகரும் என்பதை முடிவு செய்வது டயரின் சுற்றளவு. டயரின் பக்கத்தில் 215/65 ஆர் 15 எனப் பொறித்திருந்தால் அதன் பொருள் இது: அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 65 விழுக்காடு, உட்சக்கரத்தின் விட்டம் 15 அங்குலம், அதாவது 381 மில்லிமீட்டர். பக்கச்சுவர் 139.75 மி.மீ.; மேலும் கீழும் இரு முறை சேர்த்தால் 279.5, மொத்த விட்டம் 660.5 மி.மீ.; சுற்றளவு ஏறக்குறைய 2.075 மீட்டர். வண்டியின் பாரத்தால் டயர் சற்று அமுங்குவதால் உண்மையில் உருளும் தூரம் இதனினும் சிறிது குறைவாகவே இருக்கும்.

டயரின் விட்டம் 5 விழுக்காடு கூடுவது, பின் அச்சு விகிதம் ஏறக்குறைய 5 விழுக்காடு குறைவதற்கு ஒப்பாகும். பெரிய டயரை மாட்டியவர், தாம் அறியாமலே பின் அச்சின் பற்சக்கரங்களையும் மாற்றியவர் ஆகிறார்.

இவற்றை இணைக்கும் சூத்திரம் எளியது. நேர் கியரில், எஞ்சினின் நிமிடச் சுற்றைப் பின் அச்சு விகிதத்தால் வகுத்து, டயரின் சுற்றளவை மீட்டரில் கொண்டு பெருக்கி, மேலும் 0.06ஆல் பெருக்கினால், மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம் என்பது கிடைக்கும். மணிக்கு 60 நிமிடம், கிலோமீட்டருக்கு 1,000 மீட்டர் என்பதே 0.06இன் தோற்றம்.

டர்போ எஞ்சினின் இயல்பு

சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியியலர் ஆல்ஃபிரட் பூஷி 1905ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற கருத்தே டர்போ சார்ஜருக்கு அடிப்படை. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சுழலியைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள அமுக்கி, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. காற்று மிகுதியாகப் புகுவதால் மிகுதியான எரிபொருளை எரிக்க முடிகிறது. இச்சுழலி நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலக்கூடியது. 1962இல் அமெரிக்காவில் இரண்டு பெட்ரோல் கார்கள் இவ்வமைப்புடன் விற்பனைக்கு வந்தன.

சாதாரண எஞ்சினுக்கும் டர்போ எஞ்சினுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே மனத்தில் இருத்த வேண்டும். சாதாரண எஞ்சினுக்குக் கிடைக்கும் காற்று பெரும்பாலும் அதன் சுற்றைப் பொறுத்தது. டர்போ எஞ்சினுக்கோ சுற்றோடு பாரமும் காலமும் வேண்டும். பாரம் சுமந்து எரிபொருளை மிகுதியாக எரிக்கும்போதுதான் புகையின் ஆற்றல் பெருகுகிறது. அப்போதும் சுழலி வேகம் கொள்ளச் சிறிது நேரம் ஆகிறது.

எனவே, பின் அச்சு விகிதத்தை மிகப் பெரிதாக்கினால் எஞ்சின் பாரமின்றி விரைந்து சுற்றி, காற்றழுத்தம் முழுமையாக எழுமுன்பே அடுத்த கியருக்கு மாற வேண்டிய நிலைக்கு வந்துவிடும். மாறாக, விகிதத்தை மிகச் சிறிதாக்கினால் எஞ்சின் அழுத்தம் எழும் சுற்றை எட்டாமலே திணறும். இவ்விரு எல்லைகளுக்கு இடையே தக்க இடத்தைக் காண்பதே தெரிவின் நோக்கம்.

ஓர் எடுத்துக்காட்டு

1987ஆம் ஆண்டு அமெரிக்காவில் தயாரான பியூக் ரீகல் கிராண்ட் நேஷனல் என்னும் கார் இத்தெரிவை விளக்க ஏற்றது. 3.8 லிட்டர் கொள்ளளவும் ஆறு சிலிண்டரும் உடைய அதன் டர்போ எஞ்சின் நிமிடத்திற்கு 4,400 சுற்றில் 245 குதிரைத்திறன் தந்தது. பின் அச்சு விகிதம் 3.42, டயர் மேலே கணக்கிட்ட அதே அளவு, தானியங்கிக் கியர்ப் பெட்டியில் மூன்றாவது கியர் நேர் கியர்.

சூத்திரத்தின்படி, 4,400 சுற்றில் மூன்றாவது கியரில் அதன் வேகம் மணிக்கு 160 கிலோமீட்டர். கால் மைல் ஓட்டப் பந்தயத்தின் முடிவில் அவ்வண்டி ஏறத்தாழ இவ்வேகத்தையே நெருங்கும். பந்தயம் முடியும் இடத்தில் எஞ்சின் தன் உச்சத் திறனில் இருக்கும்படி விகிதம் அமைந்துள்ளது.

விரைவு கருதி 4.10 விகிதத்தை இதில் பொருத்துவதாகக் கொள்வோம். 4,400 சுற்றில் வேகம் 134 கிலோமீட்டர் மட்டுமே. பந்தயம் முடியுமுன் நான்காவது கியருக்கு மாற நேரும். அக்கியரின் விகிதம் 0.67 ஆதலால், சக்கரத்தில் கிட்டும் விசை மூன்றில் ஒரு பங்கு வீழும்.

புறப்படும்போதாவது ஊதியம் உண்டா? அதுவும் இல்லை. அவ்வெஞ்சினின் உச்ச முறுக்கு விசை ஏறக்குறைய 480 நியூட்டன் மீட்டர். முதற் கியர் 2.74, பின் அச்சு 3.42 ஆகிய இரண்டாலும் பெருக்கி, டயரின் ஆரமாகிய 0.33 மீட்டரால் வகுத்தால், இழப்புகள் நீங்கலாக, தரையில் தள்ளும் விசை சுமார் 1,390 கிலோகிராம் எடைக்குச் சமம். காரின் மொத்த எடையே ஏறக்குறைய 1,600 கிலோகிராம்; அதில் ஒரு பகுதியே பின் சக்கரங்களின்மேல் அமர்கிறது. பழைய விகிதத்திலேயே விசை டயரின் பிடிப்பை விஞ்சி நிற்கிறது. அதனை மேலும் கூட்டினால் டயர் வழுக்கித் தேய்வதே மிச்சம்.

28 அங்குல விட்டமுள்ள பந்தய டயரை மாட்டினால் நிலைமை வேறு. விட்டம் 711 மி.மீ. ஆவதால், 3.42 விகிதம் பழைய டயருடன் 3.18 விகிதம் இருந்ததற்கு ஒப்பாகிவிடும், புறப்பாடு மந்தமாகும். இப்போது 3.73 விகிதத்தைப் பொருத்தினால் பயன் விகிதம் 3.46 ஆகும், அதாவது ஏறக்குறைய பழைய நிலையே மீளும். டயரை மாற்றியதால் நேர்ந்த இழப்பை ஈடுசெய்யவே இங்கு விகிதம் மாறுகிறது.

அலுவலக ஜீப்பில்

பந்தயக் காருக்குப் பொருந்தும் கணக்கே கிராமச் சாலையில் செல்லும் ஜீப்புக்கும் பொருந்தும். அரசு அலுவலகங்களில் மிகுதியாகப் பயன்படும் பொலேரோ வண்டியின் டயர் 215/75 ஆர் 15; விட்டம் 703.5 மி.மீ. மேடு பள்ளங்களுக்கு நல்லதென்று சிலர் இதற்குப் பதிலாக 235/75 ஆர் 15 மாட்டுவதுண்டு. அதன் விட்டம் 733.5 மி.மீ. வேறுபாடு 4.3 விழுக்காடு. கண்ணுக்குச் சிறிதாகத் தோன்றும் இம்மாற்றத்தின் விளைவுகள் மூன்று.

முதலாவது, மலைப்பாதையில் வலுக்குறைவு. அவ்வண்டியின் 75 குதிரைத்திறன் கொண்ட மூன்று சிலிண்டர் டர்போ டீசல் எஞ்சினில் முறுக்கு விசை உச்சம் பெறுவது நிமிடத்திற்கு 1,600 முதல் 2,200 சுற்று வரை. பழைய டயருடன் 1,650 சுற்றில் ஏறிய ஒரு மேட்டை, அதே கியரில், அதே வேகத்தில் புதிய டயருடன் ஏறினால் சுற்று 1,582 ஆகும். உச்ச எல்லைக்குக் கீழே சென்ற எஞ்சின் மேலும் தளரும். ஓட்டுநர் கீழ்க் கியருக்கு மாறியே தீர வேண்டும்.

இரண்டாவது, வேகமானியின் பிழை. அது சக்கரத்தின் சுழற்சியை எண்ணுகிறதேயன்றித் தூரத்தை அளப்பதில்லை. முன்பு சரியாக 60 காட்டிய மானி, இப்போதும் 60 காட்டும். உண்மை வேகம் 62.6 ஆக இருக்கும்.

மூன்றாவது, பயணக் குறிப்பேட்டின் பிழை. மானி 1,000 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி 1,043 கிலோமீட்டர் ஓடியிருக்கும். டீசல் செலவு உண்மைத் தூரத்திற்கே ஆனது. ஏட்டில் பதியும் தூரமோ குறைவு. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்னும் கணக்கு காரணமின்றித் தாழ்ந்ததாகத் தோன்றி, குற்றமற்ற ஓட்டுநர்மீது ஐயம் எழ இடமுண்டு. டயர் தேய்ந்தால் இதற்கு நேர்மாறு நிகழும்: 6 மி.மீ. ஆழம் தேய்ந்த டயரின் விட்டம் 12 மி.மீ. குறைவதால், மானி 1.7 விழுக்காடு மிகையாகக் காட்டும்.

நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டிகளில் எல்லா டயர்களும் ஒரே அளவாக இருத்தல் இன்றியமையாதது. முன்னும் பின்னும் அளவு வேறுபட்டால் இரு அச்சுகளும் ஒன்றையொன்று முறுக்கிப் பற்சக்கரங்களைச் சிதைக்கும். 

அளந்தறியும் முறை

டயர் உண்மையில் உருளும் தூரத்தை அறியக் கருவி எதுவும் வேண்டியதில்லை. சமதளத்தில் டயரிலும் தரையிலும் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, வண்டியைச் சக்கரம் ஒரு முழுச் சுற்று வரும்வரை தள்ளி, இரு குறிகளுக்கிடையே அளந்தால் போதும். மாணவர்கள் மிதிவண்டியைக் கொண்டே இதனைச் செய்யலாம். மிதியை ஒரு சுற்றுச் சுற்றினால் பின் சக்கரம் எத்தனை சுற்றுகிறது என்பதையும் பற்களை எண்ணிச் சரிபார்க்கலாம்.

பின் அச்சு விகிதத்தை அறிய, முன் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் உயர்த்தி உறுதியான தாங்கியில் நிறுத்த வேண்டும். கியரை நடுநிலையில் வைத்துக் கைப்பிரேக்கைத் தளர்த்திய பின், உயர்த்திய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றினால், நீண்ட தண்டு சுற்றும் எண்ணிக்கையே விகிதம். மற்றச் சக்கரம் தரையில் நிலையாக இருப்பதால் டிபரென்ஷியல் அமைப்பு இயக்கத்தைப் பாதியாக்குகிறது. அதனாலேயே ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்று. வண்டி ஜாக்கின்மேல் மட்டும் நிற்கும்போது எவரும் அதன் அடியில் புகலாகாது.

சுருங்கக் கூறின், வண்டி மிகுதியாகச் செல்லும் வேகம் எது என்பதை முதலில் முடிவு செய்து, அவ்வேகத்தில் எஞ்சின் தனக்கேற்ற சுற்றில் இருக்குமாறு டயரையும் விகிதத்தையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். தயாரிப்பாளர் இக்கணக்கைப் போட்டே வண்டியை அனுப்புகிறார். ஆகவே, தேய்ந்த டயருக்குப் பதிலாக வேறு அளவு மலிவாகவோ கம்பீரமாகவோ கிடைத்தாலும், அதனை ஏற்குமுன் ஒரு தாளில் இரு விட்டங்களையும் எழுதி வகுத்துப் பார்ப்பது நலம். ஐந்து நிமிடக் கணக்கு, பல ஆண்டு வீண் செலவையும் வீண் பழியையும் தவிர்க்கும்.