வீட்டுப் பட்டறைக்குள் நுழையும் சட்டம்

செங்கல்பட்டு மாவட்டத்தின் பட்டிபுலம் கடற்கரைக் கிராமத்திலிருந்து 2023 பிப்ரவரி 19ஆம் நாள் ஏவப்பட்ட ராக்கெட், பள்ளி மாணவர்களின் கைவண்ணத்தில் உருவான 150 பிக்கோ செயற்கைக்கோள்களைச் சுமந்து சென்றது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் நாள், அதே கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள திருவிடந்தையிலிருந்து ரூமி-1 என்னும் ராக்கெட் கிளம்பியது. பிக்கோ என்பது இங்கே ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையுள்ள கருவிப் பொதியைக் குறிக்கும். இவை பூமியைச் சுற்றி நிலைபெறுவதற்காக அன்றி, வளிமண்டல அளவீடுகளை எடுப்பதற்காகவே அனுப்பப்பட்டன. அந்தப் பொதிகளுக்குள் இருக்கும் உணரிகளும் நுண்கட்டுப்படுத்திப் பலகைகளும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் இணையக் கடைகளிலும் எவருக்கும் கிடைக்கின்றன. ஏவுதலை நடத்திய நிறுவனங்களுக்குப் பின்னால் வல்லுநர்களும் உரிய அனுமதிகளும் இருந்தன. அதே பலகையைக் கேளம்பாக்கத்திலோ மறைமலைநகரிலோ வீட்டு மேசையில் வைத்து இணைப்பவருக்குப் பின்னால் எவரும் இல்லை.

இத்தகைய கைவேலையில் ஈடுபடுபவரைப் பொழுதுபோக்காளர் என்று தனி வகையாகப் பிரித்துச் சலுகை காட்டும் இடங்கள் இந்தியச் சட்டத்தில் மிகச் சிலவே. பெரும்பாலான சட்டங்கள் அவரை வாங்கும்போது நுகர்வோராகவும், பொருளை மாற்றி அமைக்கும்போது அதன் விளைவுகளுக்குப் பொறுப்பாளராகவும், செய்ததைப் பிறருக்கு விற்கும்போது உற்பத்தியாளராகவும் பார்க்கின்றன. மூன்று நிலைகளும் ஒரே மேசையில், சில வேளைகளில் ஒரே வாரத்தில் நிகழ்ந்துவிடுவதால், எந்தக் கட்டத்தில் உரிமை முடிந்து பொறுப்பு தொடங்குகிறது என்பது பலருக்குச் சிக்கல் வந்த பிறகுதான் தெரியவருகிறது.

முதல் நிலையில் உரிமைகள் வலுவானவை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, குறைபாடுள்ள முப்பரிமாண அச்சுப்பொறிக்கும் போலி மின்கலத்துக்கும் சமமாகவே பொருந்தும். இணைய வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. குறைதீர் அலுவலர் புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். விற்பனையாளர் பெங்களூரில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பது பழைய சட்டத்தில் இல்லாத வசதி. செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாயின் கட்டணம் கிடையாது. காலக்கெடு இரண்டு ஆண்டுகள். வழக்குக்கு முன்பே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிட்டால் பல தகராறுகள் அங்கேயே முடிந்துவிடும்.

ஆனால் அதே சட்டத்தில் கைவேலைக்காரர்களைக் குறிப்பாகப் பாதிக்கும் மூன்று விலக்குகள் உள்ளன. வணிக நோக்கத்துக்காக வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார். சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்த வாங்கினால் மட்டும் அந்த விலக்குத் தளரும். தீங்கு நேர்ந்த சமயத்தில் பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலோ, மாற்றியமைக்கப்பட்டிருந்தாலோ, 87ஆம் பிரிவின்படி விற்பனையாளர் மீது பொருட்பொறுப்பு வழக்குத் தொடர இயலாது. பொருட்பொறுப்பு என்பது, குறைபாடுள்ள பொருளால் உடலுக்கோ உடைமைக்கோ நேர்ந்த தீங்குக்கு ஈடு கோரும் உரிமை. மூன்றாவது விலக்கு இன்னும் நுட்பமானது: வேறொரு பொருளுக்குள் பொருத்துவதற்காகவே விற்கப்பட்ட உதிரிப்பாகத்துக்கு உரிய எச்சரிக்கைகளை அதன் உற்பத்தியாளர் கொடுத்திருந்து, தீங்கு இறுதிப் பொருளின் பயன்பாட்டால் நேர்ந்திருந்தால், எச்சரிக்கத் தவறியதாக அவர்மீது குற்றம் சாட்ட முடியாது. அச்சுப்பொறியின் உறையைக் கழற்றி மின்வழங்கியை மாற்றியவரும், ரிலே பலகையை வாங்கித் தண்ணீர் மோட்டார் இயக்கி செய்தவரும் ஏறத்தாழ எப்போதும் இந்த விலக்குகளின் நிழலில்தான் நிற்கிறார்கள். ஆகவே பொருள் வந்தவுடன், எதையும் கழற்றுவதற்கு முன்பே, அதை இயக்கிப் பார்த்துப் பதிவு செய்துவைப்பதும், ரசீதைப் பாதுகாப்பதும், மின்னேற்றிகளிலும் பவர் பேங்குகளிலும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்ப்பதும் வெறும் சம்பிரதாயங்கள் அல்ல.

ஆபத்துகளைப் பொறுத்தவரை, இக்கடற்கரைக்கு உரிய ஒன்று பொதுவான பாதுகாப்புக் கையேடுகளில் அரிதாகவே இடம்பெறுகிறது. கோவளம் முதல் கல்பாக்கம் வரையுள்ள உப்புக் காற்று, மின்சுற்றுப் பலகைகளின் மேல் கண்ணுக்குத் தெரியாத படிவை உண்டாக்குகிறது. காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சும்போது, செம்புத் தடங்களுக்கு இடையே மெல்லிய மின்கடத்துப் பாதை உருவாகிறது. மலிவான ரிலே பலகைகளில் 230 வோல்ட் பாயும் பகுதியும், கை தொடக்கூடிய 5 வோல்ட் பகுதியும் சில மில்லிமீட்டர் இடைவெளியில் அமைந்திருப்பதால், உள்நாட்டு ஊரில் பல ஆண்டுகள் உழைக்கும் கருவி இங்கே ஒரு மழைக்காலத்துக்குள் ஆபத்தானதாக மாறிவிடக்கூடும். காப்புப் பூச்சு அடித்து நீர்புகாப் பெட்டிக்குள் வைப்பதும், வீட்டு இணைப்பில் 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி கருவியைப் பொருத்துவதும், நிலத்தில் புதைத்த எர்த் கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று ஆண்டுதோறும் சோதிப்பதும் இங்கே விருப்பத்துக்கு விடப்படும் காரியங்கள் அல்ல.

எல்லா விபத்தையும் ஆர்சிசிபி தடுத்துவிடும் என்ற நம்பிக்கையும் தவறானது. பழைய மைக்ரோவேவ் அடுப்பின் மின்மாற்றியைக் கழற்றி, ஏறத்தாழ 2,000 வோல்ட்டை ஈரமான மரப்பலகைமீது செலுத்தி மின்னல் போன்ற கருகல் கோலங்களை வரையும் வேலை காணொளிகளால் பரவியது. உயிரிழப்புகளுக்குப் பிறகு அமெரிக்க மரக்கடைசல் கலைஞர் சங்கம் 2017இல் அதைத் தன் நிகழ்ச்சிகளில் தடைசெய்தது. மின்மாற்றியின் மறுபக்கச் சுற்றில் கை பட்டால், முதற்பக்கத்திலுள்ள ஆர்சிசிபி அதைக் கசிவாக உணராது. அந்த அடுப்புகளிலுள்ள மின்தேக்கியும், பிளக்கைப் பிடுங்கிய பிறகுகூட மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கும். இவ்வேலையைப் பாதுகாப்பாகச் செய்யும் வழி வீட்டுப் பட்டறையில் இல்லை. செய்யாமலிருப்பதே ஒரே வழி.

பழைய மடிக்கணினிகளிலிருந்து பிரித்தெடுத்த 18650 வகை லித்தியம் மின்கலங்கள் அடுத்த கவலை. முழு மின்னேற்றத்தில் 4.2 வோல்ட்டைத் தாண்டினாலோ, நீண்ட நாள் மிகத் தாழ்ந்த அழுத்தத்தில் கிடந்த கலத்துக்கு மீண்டும் மின்னேற்றினாலோ, உள்ளே வெப்பம் தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும் வினை தொடங்கலாம். மணல் கொட்டினால் பிழம்பு மூடப்படுமே தவிர உள்வெப்பம் தணியாது. மின்னிணைப்பைத் துண்டித்த பின் நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பதே சிறிய லித்தியம் அயான் கலத்துக்குப் பொருத்தமானது. பயன்முடிந்த கலங்களைக் குப்பையில் போடுவதை 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் தடுக்கின்றன.

லேசர் வெட்டிகளில் தீயை விடப் புகையே ஏமாற்றுகிறது. ஃபிளெக்ஸ் பேனர் துண்டுகளும் ரெக்சினும் பிவிசி சேர்ந்தவை; அவற்றைச் சுட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வெளிப்பட்டு நுரையீரலையும் இயந்திரத்தையும் ஒருசேர அரிக்கும். மாமல்லபுரத்தின் சிற்பத் தெருக்களைப் பார்த்துக் கணினிவழிச் செதுக்கு இயந்திரத்தில் கருங்கல்லை இழைக்க முனைவோர், சிலிக்கா தூசியால் வரும் சிலிகோசிஸ் ஒருமுறை பற்றினால் குணமாகாது என்பதை அறிந்திருக்க வேண்டும். தண்ணீர் பாய்ச்சி இழைத்தால் தூசி அடங்கும். ஆனால் தண்ணீரும் மின்கருவியும் சேரும் இடத்தில் மேற்சொன்ன ஆர்சிசிபி இல்லாவிட்டால் ஓர் ஆபத்துக்குப் பதில் இன்னொன்று வந்து சேரும்.

வானொலி அலைகளும் வான்வெளியும் பொதுச் சொத்துகள் என்பதால், அங்கே அனுமதியின் எல்லைகள் எண்களில் வரையப்பட்டுள்ளன. வைஃபை, புளூடூத் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையையும், லோரா என்னும் தொலைதூரக் குறைசக்தித் தொடர்புக்கான 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் பட்டையையும் குறிப்பிட்ட சக்தி வரம்புக்குள் உரிமமின்றிப் பயன்படுத்தலாம். அமெரிக்கச் சந்தைக்காகச் செய்யப்பட்ட 915 மெகாஹெர்ட்ஸ் லோரா தொகுதிகளுக்கு இந்தியாவில் அந்தச் சலுகை இல்லை. வீட்டில் செய்யும் எஃப்எம் ஒலிபரப்பி எவ்வளவு சிறியதானாலும் உரிமம் தேவை. கைபேசி முடக்கியை வைத்திருப்பதே குற்றமாகும். மீன்பிடிப் படகுகள் இடர்க்குரல் எழுப்பும் 156.8 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அருகில் விளையாடுவது கடலில் இருப்பவரின் உயிரோடு விளையாடுவதாகும். வானொலி ஆர்வம் உண்மையிலேயே இருப்பவர்களுக்கு, ஒன்றிய அரசின் தேர்வெழுதிப் பெறும் பயில்நிலை வானொலி உரிமம் திறந்தே இருக்கிறது.

தாமே இணைத்த டிரோன்களுக்கு 2021 ஆகஸ்ட் 25இல் அறிவிக்கப்பட்ட டிரோன் விதிகள் தாராளமாகவே நடந்துகொள்கின்றன என்று சொல்ல வேண்டும். பொழுதுபோக்குக்காகவோ கல்விக்காகவோ கண்பார்வை எல்லைக்குள் பறக்கும் 25 கிலோவுக்கு உட்பட்ட மாதிரி டிரோனுக்கு வகைச்சான்று தேவையில்லை. 2 கிலோவரை வணிகமற்ற பயன்பாட்டுக்கு ஓட்டுநர் சான்றும் வேண்டாம். தனி அடையாள எண் பெறும் கடமையும் வான்வெளி வரைபடத்தைப் பார்க்கும் கடமையும் மட்டும் நீங்கவில்லை. அந்த வரைபடத்திலுள்ள பச்சை மண்டலத்தில் 400 அடிவரை முன்னனுமதியின்றிப் பறக்கலாம். விமான நிலையச் சுற்றுவேலியிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள பரப்பில் அந்த உயரம் 200 அடியாகக் குறைகிறது. வடக்கே சென்னை விமான நிலையமும் தாம்பரம் விமானப்படைத் தளமும், தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையமும் அமைந்துள்ள மாவட்டத்தில், வரைபடத்தை ஒவ்வொரு முறையும் பார்ப்பது அவசியம். முக்கியப் பிரமுகர்கள் மாமல்லபுரத்துக்கு வரும் நாட்களில், காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவர் 96 மணி நேரம்வரை எந்தப் பகுதியையும் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்க முடியும் என்பதால், நேற்றுப் பறந்த இடத்தில் இன்று பறப்பது மீறலாகலாம். மீறலுக்கான அபராதம் ஒரு லட்சம் ரூபாய்வரை செல்லும்.

மூன்றாவது நிலையான விற்பனைதான் பலரை வழுக்கிவிடுகிறது. 14 வயதுக்குட்பட்டோர் விளையாடுவதற்கான எப்பொருளும் 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரையோடுதான் விற்கப்பட வேண்டும். கைவினை மேம்பாட்டு ஆணையரிடம் பதிவுபெற்ற கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீட்டுப் பொருள்களுக்கும் விலக்கு உண்டு; ஆனால் வீட்டு அச்சுப்பொறியில் பொம்மை அச்சிடுபவருக்கு அந்த விலக்கு தானாக வந்துவிடாது. விதி கடுமையாகத் தோன்றலாம். ஆனால் ஒளிரும் பொம்மையிலிருந்து கழன்ற பொத்தான் மின்கலத்தைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் புண்ணாகத் தொடங்கும் என்று அறிந்தவர்கள், மின்கலப் பெட்டிக்குத் திருகாணி மூடி கேட்கும் தரவிதியைக் குறை சொல்ல மாட்டார்கள். பல்லவர் காலச் சிற்பங்களுக்குப் பதிப்புரிமை இல்லை என்பதால் அவற்றின் வடிவத்தில் பிசின் பொம்மை வார்ப்பது பதிப்புரிமை மீறலாகாது. ஆனால் அதை மாமல்லபுரம் கற்சிற்பம் என்று பெயரிட்டு விற்பது புவிசார் குறியீட்டுச் சட்டத்தை மீறும். இன்றைய சிற்பி ஒருவரின் சொந்தப் படைப்போ, அவர் மறைந்து 60 ஆண்டுகள்வரை பாதுகாக்கப்படுகிறது. காப்புரிமை பெற்ற பொறியைச் சோதனைக்காகவோ மாணவருக்குக் கற்பிக்கவோ செய்துபார்க்கும் உரிமையைக் காப்புரிமைச் சட்டத்தின் 47ஆம் பிரிவு வழங்குகிறது. அந்த உரிமை விற்பனைக்கு நீளாது.

வீட்டு மின்னிணைப்பில் விற்பனைக்கான உற்பத்தி நடந்தால், மின்சாரச் சட்டம், 2003இன் 126ஆம் பிரிவு அதை அனுமதியற்ற பயன்பாடாகக் கருதி, உரிய கட்டணத்தைப் போல இருமடங்கு மதிப்பிட வழிசெய்கிறது. காலம் தெரியாவிட்டால் பன்னிரண்டு மாதங்களுக்குக் கணக்கிடப்படும். முதல் மதிப்பீட்டுக்கு ஆட்சேபம் தெரிவிக்கவும், இறுதி ஆணைக்கு எதிராக 30 நாட்களுக்குள், மதிப்பிட்ட தொகையில் பாதியைக் கட்டி மேல்முறையீடு செய்யவும் உரிமை உண்டு. குடிசைத் தொழில், குறுந்தொழில்களுக்கெனத் தமிழ்நாட்டில் தனிக் கட்டண வகை இருப்பதால், முன்கூட்டியே விண்ணப்பித்து மாறிக்கொள்வது மலிவானது.

விபத்து நேர்ந்தால் 108 ஊர்தியை அழைத்துச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்துக்குக் கொண்டுசேர்ப்பதே முதல் வேலை. அதற்குப் பிறகு பலரும் செய்யும் பிழை, கருகிய பாகத்தைக் குப்பையில் எறிவது. குறைபாட்டைச் சோதனையின்றித் தீர்மானிக்க முடியாது என்று கருதும் ஆணையம், பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாம்; பொருளே இல்லாதபோது அந்த வழி அடைபட்டுவிடும். கருகியதை அப்படியே படமெடுத்து, உறையிலிட்டு, மருத்துவச் சான்றோடும் ரசீதோடும் வைத்திருக்க வேண்டும். பிறர் செய்துகொடுத்த கருவியால் காயமடைந்தவர், அது அன்பளிப்பாக வந்ததாயினும், கவனக்குறைவுக்கு ஈடு கோரி உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம். உயிருக்கு ஆபத்து விளைவித்த கவனக்குறைவு பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆம் பிரிவிலும், உயிரிழப்பு 106ஆம் பிரிவிலும் குற்றமாகும். வழக்கறிஞருக்குக் கட்ட வசதியில்லாதோர் 15100 என்ற எண்ணிலோ மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலோ இலவச உதவி கேட்கலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர் ஆகியோருக்கு இதில் வருமான வரம்பு கிடையாது.