வீட்டுக் கணினியும் பூட்டுக் கள்வரும்

பிழைப்பின் பொருட்டு ஊரைவிட்டு வந்து தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியமர்ந்திருக்கும் நம் குடும்பங்களில், முன்பு தகரப்பெட்டி வகித்த இடத்தை இன்று கணினி வகிக்கிறது. நிலப் பத்திரத்தின் நகல், பிள்ளைகளின் சான்றிதழ்கள், தங்கையின் திருமணப் படங்கள், மறைந்த பாட்டியின் குரல் பதிவு ஆகிய யாவும் அதனுள்ளேயே இருக்கின்றன. ஒரு நாள் காலையில் கணினியை இயக்கினால் இவற்றுள் ஒன்றும் திறவாமல், கோப்புகளின் பெயர்களுக்குப் பின்னால் பொருள் விளங்காத எழுத்துகள் ஒட்டியிருக்க, பணம் அனுப்பினால் சாவி தருவதாகக் கூறும் கடிதம் ஒன்று மட்டுமே திறக்கிறதென்று வைத்துக்கொள்வோம். இக்கொடுமையைச் செய்யும் நிரலுக்கு ரான்சம்வேர் என்று பெயர். அது வந்துவிட்டால் செய்யவேண்டுவது யாது, வாராமற் காப்பது எங்ஙனம் என்பவற்றை இவ்வுரையில் ஆராய்வோம்.

தொடக்கத்திலேயே ஒரு வேறுபாட்டை மனத்திற்கொள்ளுதல் நலம். நச்சுநிரலை நீக்குதல் வேறு. பூட்டிய கோப்புகளைத் திறத்தல் வேறு. வீட்டினுள் புகுந்த கள்வனை வெளியே துரத்திவிட்டதனால் அவன் பூட்டிச் சென்ற பெட்டி தானே திறந்துவிடாது. பலர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி, கணினியைத் துப்புரவு செய்துவிட்டுக் கோப்புகள் திறவாமை கண்டு திகைக்கின்றனர்.

பூட்டு ஏன் அத்துணை வலிமையுடையது? இவ்வகைக் கொள்ளையின் முதல் நிகழ்ச்சி 1989ஆம் ஆண்டில் நடந்தது. எய்ட்ஸ் நோய் பற்றிய செய்திகள் அடங்கியவை என்ற பெயரில் ஏறத்தாழ 20,000 பிளாப்பி டிஸ்குகள் பல நாடுகளுக்கும் அஞ்சலில் அனுப்பப்பட்டன. அவற்றைப் பயன்படுத்தியோரின் கணினி பின்னர் முடங்கியது. பனாமா நாட்டிலுள்ள ஓர் அஞ்சற்பெட்டிக்கு 189 டாலர் அனுப்புமாறு அறிவிப்புத் தோன்றியது. எனினும் அக்கள்வன் பூட்டுவதற்கும் திறப்பதற்கும் ஒரே சாவியைக் கையாண்டு, அதனை நிரலுக்குள்ளேயே விட்டுவைத்தமையால், அறிஞர்கள் விரைவில் மாற்று நிரல் எழுதிவிட்டனர்.

இன்றைய கள்வர்கள் அப்பிழையைச் செய்வதில்லை. இவர்களுடைய பூட்டு கோயில் உண்டியலை ஒத்தது. உண்டியலில் காசு போட எவருக்கும் சாவி வேண்டுவதில்லை. திறப்பதற்குரிய சாவியோ ஒருவரிடமே உண்டு. நம் கணினிக்குள் வந்து சேர்வது பூட்டும் வழி மட்டுமே. திறக்கும் சாவி எங்கோ தொலைவில் கள்வனிடம் இருக்கிறது. பூட்டு செம்மையாக அமைந்துவிட்டால், நம் தெருக்கோடிக் கணினிக்கடைக்காரர் மட்டுமன்று, பேராற்றல் வாய்ந்த கணினிகளாலும் அதனை உடைத்தல் இயலாது.

வீட்டுக் கணினிகளைப் பெரிதும் வருத்திய இனம் ஒன்றினை எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் ஸ்டாப் அல்லது டிஜேவியூ என்பது. விலை கொடுத்து வாங்கவேண்டிய மென்பொருளை இலவசமாகத் திறந்து தருவதாகச் சொல்லும் கள்ளப் பிரதிகளின் வழியே இது மிகுதியாகப் பரவிற்று. உள்ளே நுழைந்ததும், விண்டோஸ் புதுப்பிப்பு நடைபெறுவது போன்ற பொய்த்திரையைக் காட்டி, அதன் மறைவில் கோப்புகளைப் பூட்டிவிடும். பின்னர் 980 டாலர் கேட்டு வந்தது. 72 மணி நேரத்திற்குள் தந்தால் 490 டாலர் போதுமென்று தள்ளுபடியும் அறிவித்தது. கலங்கிய மனத்தைச் சிந்திக்க விடாமல் விரட்டும் சூழ்ச்சியே இத்தள்ளுபடி. பணம் பெற்றபின் சாவி தருவார்கள் என்பதற்குக் கள்வனின் வாக்கைத் தவிர வேறு பிணையில்லை.

இனி, இத்தீங்கு நேர்ந்துவிட்டால் செய்யத்தக்கவற்றை முறையாகக் காண்போம்.

முதலாவதாக, கணினியை இணையத்திலிருந்து துண்டித்தல் வேண்டும். கேபிளைப் பிடுங்குக, வைஃபையை நிறுத்துக. செருகியுள்ள பென் டிரைவையும் வெளி ஹார்டு டிஸ்கையும் உடனே கழற்றுக. ஏனெனில் நிரல் அவற்றினுள்ளும் புகுந்து பூட்டும்.

இரண்டாவதாக, பணம் கேட்கும் கடிதத்தையும் பூட்டப்பட்ட கோப்புகளின் பெயர்களையும் கைபேசியால் படமெடுத்துக்கொள்க. கோபத்தில் எதனையும் அழித்தல் கூடாது. அவை புகாருக்குச் சான்றாகவும், எவ்வினத்து நிரல் என்று அறிவதற்குத் துணையாகவும் பயன்படும்.

மூன்றாவதாக, வேறொரு நல்ல கணினியிலிருந்து 'நோ மோர் ரான்சம்' என்னும் தளத்தை நாடுக. நெதர்லாந்துக் காவல்துறையும் ஐரோப்பியக் காவல் அமைப்பாகிய யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்கள் சிலவற்றுடன் கூடி 2016இல் தொடங்கிய அத்தளத்தில், பூட்டிய கோப்பு ஒன்றைக் காட்டினால் இனத்தைக் கண்டு கூற முயலும். திறக்கும் கருவி இருப்பின் கட்டணமின்றிக் கொடுக்கும். டிஜேவியூ இனத்தில் 148 வகைகளுக்கு 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் நிறுவனம் இத்தகைய கருவியை வெளியிட்டது. அதற்குப் பின் வந்த வகைகளில், நிரல் தன் தலைவனோடு தொடர்புகொள்ள இயலாதபோது பயன்படுத்திய பொதுச்சாவியால் பூட்டப்பட்டவற்றுக்கு மட்டுமே ஓரளவு நம்பிக்கை உண்டு. அன்றியும் இந்நிரல் பெரிய கோப்பு முழுவதையும் பூட்டாமல் தொடக்கத்தில் ஏறத்தாழ 150 கிலோபைட் அளவையே பூட்டுகிறது. ஆகவே நீண்ட திருமண வீடியோவும் பாட்டுப் பதிவும் சிற்சில வேளைகளில் பழுதுபார்க்கத்தக்கவை.

நான்காவதாக, இன்று திறவாத கோப்புகளைத் தனி டிஸ்கில் படியெடுத்துப் பத்திரப்படுத்துக. 2016 மே மாதத்தில் டெஸ்லாகிரிப்ட் என்னும் இனத்தை நடத்தியோர் தாமே தலைமைச் சாவியை வெளியிட்டனர். 2020 ஏப்ரலில் ஷேட் என்னும் இனத்தார் ஏறத்தாழ 7,50,000 சாவிகளை வெளியிட்டனர். அதுவரை கோப்புகளைக் காத்து வைத்திருந்தோரே அதனால் பயனடைந்தனர்.

ஐந்தாவதாக, கணினியைத் துப்புரவு செய்க. விண்டோஸ் டிஃபெண்டரில், விண்டோஸ் முழுதும் எழுவதற்கு முன்பே சோதிக்கும் ஆஃப்லைன் சோதனை என்றொரு வசதி உண்டு. எனினும் உறுதியான வழி, வேறொரு நல்ல கணினியில் ஆயத்தம் செய்த பென் டிரைவைக் கொண்டு டிஸ்கை முற்றிலும் அழித்து விண்டோஸை மீண்டும் நிறுவுதலே. அதன்பின்னரே பழைய பிரதிகளைச் செருகுதல் வேண்டும். மேலும், டிஜேவியூ பெரும்பாலும் தனியே வருவதில்லை. கடவுச்சொற்களைத் திருடும் நிரலையும் உடன் அழைத்து வருவதுண்டு. ஆகையால் வங்கி, மின்னஞ்சல் முதலியவற்றின் கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றிவிடுக.

புகார் செய்வதற்குச் சொந்த மாநிலத்திற்குத் திரும்பவேண்டியதில்லை. தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் எங்கிருந்தும் பதியலாம். பணம் பறிபோயிருந்தால் காலந்தாழ்த்தாமல் 1930 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும். அறிமுகமில்லாத நகரத்தில், எந்தப் பூட்டையும் திறந்து தருவதாக உறுதி கூறி முன்பணம் கேட்போரிடம் எச்சரிக்கை தேவை. அவர்களுட் சிலர் கள்வனுக்கே பணம் செலுத்திச் சாவி பெற்று, அதன்மேல் தம் கூலியையும் சேர்த்து வாங்குகின்றனர்.

வருமுன் காத்தல் இவை அனைத்தினும் எளிது. 2017 மே 12இல் தொடங்கிய வான்னாகிரை என்னும் தாக்குதல் 150 நாடுகளில் 2,00,000க்கும் மேற்பட்ட கணினிகளை முடக்கிற்று. ஆனால் அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. புதுப்பிப்பை நாளைக்கென்று தள்ளிவைத்த கணினிகளே பெரிதும் வீழ்ந்தன. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டமையால், அதனை வைத்திருப்போர் அடுத்த பதிப்புக்கு மாறுதல் நன்று. கள்ள மென்பொருளையும், திருட்டுத்தனமாகத் திரைப்படம் தரும் தளங்களையும் வீட்டில் விலக்குக. கோப்புப் பெயரின் இறுதிப் பகுதியைக் காட்டுமாறு விண்டோஸை அமைத்துவிட்டால், பிடிஎஃப் போல வேடமிட்டு ஈஎக்ஸ்ஈ என்று முடியும் நிரல் உடனே வெளிப்பட்டுவிடும்.

இத்தனை காவலையும் மீறிக் கள்வன் நுழைதல் கூடும். 2022 நவம்பர் 23இல் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்கள் தாக்கப்பட்டன. மருத்துவமனைப் பணிகள் பல நாட்கள் காகிதத்தில் நடந்தன. தாக்குதலுக்கு உட்படாத வேறொரு சர்வரில் பிரதி இருந்தமையால் நோயாளிகளின் விவரங்கள் மீண்டன. பெரிய மருத்துவமனைக்கும் நம் சிறிய வீட்டிற்கும் பொருந்தும் பாடம் ஒன்றே: பூட்டுக் கள்வனை வெல்லும் சாவி, நாம் முன்னரே எடுத்து வைத்த பிரதிதான்.

இதற்கு மூன்று, இரண்டு, ஒன்று என்றொரு விதி உண்டு. பிரதிகள் மூன்று, அவை இருப்பது இருவகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில். எப்போதும் கணினியில் செருகியே இருக்கும் டிஸ்க் பிரதியாகாது. அதுவும் சேர்ந்தே பூட்டப்படும். இணையச் சேமிப்பும், பழைய பதிப்புகளை மீட்டுத் தரும் வசதி இல்லாவிடில், பூட்டிய கோப்பையே அப்படியே ஏற்றுக்கொள்ளும். பிரதி எடுத்தபின் கழற்றி அலமாரியில் வைத்தல் வேண்டும். அவ்வப்போது ஒரு கோப்பைத் திறந்து சோதித்தலும் வேண்டும்.

வேறோர் இடத்திற்கு எங்கே போவது என்று மற்றவர்கள் எண்ணமிடலாம். நமக்கு அக்கவலை இல்லை. ஊரிலே நமக்கொரு வீடு இருக்கிறது. அங்கே அம்மாவின் பீரோவும் இருக்கிறது. பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ ஊருக்குப் போகும்போது, பெட்டியில் இனிப்புக்கும் புடவைக்கும் நடுவே ஒரு சிறு ஹார்டு டிஸ்கையும் வைத்துக்கொள்வோம். புதியதை அங்கே வைத்துவிட்டுச் சென்ற ஆண்டில் வைத்ததை எடுத்து வருவோம். நகரத்து வீட்டில் எது நேர்ந்தாலும், பாட்டியின் குரல் ஊரிலே பத்திரமாக இருக்கும்.