ஒரே ஊர், இரண்டு விலை

தமிழ்நாட்டின் எல்லை ஊரான களியிக்காவிளையைத் தாண்டி, கேரளத்தின் இஞ்சிவிளைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது லாட்டரிக் கடைகள். மேசையில் விரித்த சீட்டுகள் காற்றில் பறக்காதபடி ரப்பர் வளையம் மாட்டி வைத்திருப்பார்கள். ஓணம் நெருங்கினால் பம்பர் சீட்டு முன்வரிசைக்கு வந்துவிடும். 25 கோடி என்ற எண் பஸ்ஸிலிருந்தே தெரியும். வாங்க நிற்பவர்களில் குழித்துறை, மார்த்தாண்டம் ஆட்களும் உண்டு. தமிழ்நாடு 2003-ல் லாட்டரியைத் தடை செய்துவிட்டது. கேரளத்தில் 1967 முதல் அரசே அதை நடத்துகிறது. கேரளத்தின் பாறசாலைப் பக்கத்து பைக்குகள் நேர் எதிராகத் தெற்கே வருகின்றன, டேங்க் நிரப்ப. 2021-ல் தமிழ்நாடு பெட்ரோல் வரியை 3 ரூபாய் குறைத்தது. 2023-ல் கேரளம் 2 ரூபாய் கூடுதலாகப் போட்டது. இந்த இடைவெளி போதும், எல்லைக்கு இப்பால் இருக்கும் பங்க்குகளில் கேரளப் பதிவெண்கள் வரிசை கட்ட.

முன்பும் இந்தச் சாலையில் ஆட்கள் இப்படித்தான் போய்வந்துகொண்டிருந்தார்கள். ஆனால் அன்று இரண்டு பக்கமும் திருவிதாங்கூர்; கடப்பதற்கு ஒரு கோடு இல்லை. திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது 1795-ல். களியிக்காவிளையும் பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் அந்த இரண்டு ஊர்களையும் இணைத்த பாதையில் கிடந்தவை. எதிரிகள் துரத்தியபோது திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா பொந்துக்குள் ஒளிந்து தப்பியதாகச் சொல்லப்படும் அம்மச்சிப் பிலா என்ற பலாமரம், நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் இருக்கிறது. மன்னர் பலராம வர்மா காலத்தில் தெற்கேயிருந்து சாலியர் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய நெசவூர்தான் பலராமபுரம். கசவுக் கரையிட்ட வேட்டியும் முண்டும் கேரளத்தின் அடையாளமாகிவிட்டன. அவற்றை நெய்த தெருக்களில் பேசியது தமிழ்.

சரக்குக்குத் தண்ணீர் வழி வேண்டும் என்று 1860-ல் பூவாற்றிலிருந்து தெற்கே வெட்டத் தொடங்கியது அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். கன்னியாகுமரிவரை போகவேண்டிய அது பாதியில் நின்றாலும், வெட்டிய வரைக்கும் வள்ளங்கள் ஓடின. 1938-ல் திருவிதாங்கூர் அரசு பஸ் விடத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட தடங்களில் ஒன்று திருவனந்தபுரம் - நாகர்கோவில். நாகர்கோவில்காரருக்கு ஹைகோர்ட் திருவனந்தபுரத்தில். நெய்யாற்றின்கரைக்காரருக்கு நெல் தெற்கே நாஞ்சில் நாட்டில். ஒரு ராஜா, ஒரு வரி, ஒரே சக்கரம் காசு.

இந்த ஒற்றைச் சீமைக்குள் தமிழருக்குத் தனிக் குறை இருந்தது. நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாகி மதராஸோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியிக்காவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவில் கோடு விழுந்தது.

விழுந்ததே தவிர, வெகுகாலம் அது தாளில்தான் கிடந்தது. கல்யாணப் பேச்சு நிற்கவில்லை. மரச்சீனியும் ஏத்தன் குலையும் சக்கையும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே சந்தைக்குத்தான் வந்தன. அண்ணன் மனைவி அங்கேயும் மயினி, இங்கேயும் மயினி. 1979-ல் திருவனந்தபுரம் - கன்னியாகுமரி ரயில் பாதை திறந்தபோது பாறசாலை கேரளத்தின் தென்கோடி ஸ்டேஷன் ஆனது. ஆனால் ரயில்வே மாநிலக் கோட்டைப் பார்க்கவில்லை. கன்னியாகுமரிவரை திருவனந்தபுரம் கோட்டத்திலேயே வைத்துக்கொண்டது. காலை ரயிலில் குமரி மாவட்டத்திலிருந்து திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கும் புற்றுநோய் மையத்துக்கும் போகிற நோயாளிகளும், தினம் வேலைக்குப் போய்வருகிறவர்களும் ஒரே பெட்டியில் நெருக்கியடித்துக்கொண்டு போகிறார்கள். பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் தலைநகரின் புறநகராக வளர்ந்தது இந்த ரயிலாலும் பஸ்ஸாலும்தான்.

கோடு வீட்டுக்குள் நுழைந்தது தண்ணீர் வழியாக. நெய்யாறு அணை திருவிதாங்கூர்-கொச்சி நாளில் திட்டமிட்டது. அதன் இடதுகரைக் கால்வாய் விளவங்கோடு தாலுகாவுக்குள் வந்து 9,200 ஏக்கருக்குப் பாய்ந்தது. 2004-ல் கேரளம் தண்ணீரை நிறுத்தியது. நெய்யாறு மாநிலங்களுக்கு இடையிலான ஆறு என்று தமிழ்நாடு சொல்ல, கேரளம் மறுக்க, 2012-ல் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அணையைத் திட்டமிட்டபோது இந்தக் கேள்விக்கே இடமில்லை. ஆறும் வயலும் ஒரே அரசின் கணக்கில் இருந்தன.

பள்ளிக்கூடம் வழியாகவும் கோடு நுழைந்தது. 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டத்தால், விளவங்கோட்டில் மலையாளம் படித்துவந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் தமிழ் கட்டாயப் பாடமானது. தாத்தாவும் பாட்டியும் இரண்டு எழுத்தையும் கூட்டி வாசித்த வீடுகளில், எந்தப் பக்கம் என்று பிள்ளை முடிவு செய்யவேண்டி வந்தது.

வேடிக்கை என்னவென்றால், சாலையில் இருந்த தடைகள் அதே காலத்தில் குறைந்தன. அமரவிளை விற்பனை வரிச் சோதனைச் சாவடியில் லாரிகள் மணிக்கணக்கில் கிடந்த நாட்களை இந்தப் பக்கத்து ஓட்டுநர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த வேலை முடிந்தது. இன்று தோவாளைப் பூவும் தெற்கத்திக் காய்கறியும் நிற்காமல் போகின்றன. ஒளித்துக்கொண்டு போவதும் உண்டு: தமிழ்நாட்டில் இலவசமாகக் கிடைக்கும் ரேஷன் அரிசி, மூட்டை மாறி விலைக்கு விற்க வடக்கே போகிறது. திரும்பி வருகிற வண்டிகளில் சில கழிவைக் கொண்டுவந்து குமரி மாவட்ட ஓரங்களில் கொட்டிப் பிடிபடுகின்றன.

இதில்தான் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடு. அன்று ஒரே அரசு என்பதால் போய்வந்தார்கள். இன்று இரண்டு அரசுகள் என்பதாலேயே போய்வருகிறார்கள். இரண்டு விலை, இரண்டு சட்டம், இரண்டு ரேஷன்; எது எங்கே மலிவு என்பது களியிக்காவிளைச் சிறுவனுக்கும் தெரியும். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எல்லையை மூடி ஊடுவழிகளையும் அடைத்தபோதுதான், இந்தப் போக்குவரத்து எத்தனை வீடுகளின் அடுப்பை எரியவைக்கிறது என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரிந்தது. கடை ஒரு மாநிலத்தில், வாடிக்கையாளர் இன்னொன்றில் என்ற பனச்சமூடு மாதிரி ஊர்களுக்கு அது பிழைப்பையே நிறுத்திய காலம்.

பழைய ஏற்பாடு அப்படியே உயிரோடு இருப்பது நவராத்திரியில். பத்மநாபபுரம் சரஸ்வதியும் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும், முன்னே மன்னரின் உடைவாளோடு, திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகிறார்கள். முதல் இரவு குழித்துறை, மறுநாள் நெய்யாற்றின்கரை. நடுவே களியிக்காவிளையில் தமிழ்நாட்டுப் போலீஸ் வழியனுப்ப, கேரளப் போலீஸ் மரியாதை செய்து ஏற்றுக்கொள்கிறது. சரஸ்வதி போய்ச்சேர்வது நவராத்திரி மண்டபத்துக்கு. ஆண்களே பாடிவந்த அந்த மண்டபத்தில் 2006-ல் முதன்முதலாகப் பாடிய பெண் பாறசாலை பொன்னம்மாள். பழைய வழக்கத்தில் வாசலைத் திறந்துவிட்டவரும் இந்த எல்லை ஊர்க்காரர்தான்.

அடுத்த மாற்றம் தயாராக இருக்கிறது. கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரைக்கும் வந்துவிட்ட புறவழிச்சாலை, நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் தொடாமல் கடலோரப் பக்கமாக வருகிறது. குமரி மாவட்டத்தில் நான்கு வழிச்சாலையும் முடிந்துவிட்டால் தூரத்து லாரிகளும் சுற்றுலா வண்டிகளும் களியிக்காவிளைக்குள் வரவேண்டியதே இல்லை. பழைய சாலையில் மிஞ்சுவது உள்ளூர்க்காரர்கள்: ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், பெண் கொடுத்த வீட்டுக்குப் போகிறவர், பூக்கூடையோடு பஸ் ஏறுகிறவர். இரண்டு அரசுகளும் இதுவரை எல்லையைச் சோதனைக்கும் வழக்குக்கும் உரிய இடமாகவே பார்த்துவந்திருக்கின்றன. இனி இவர்களுக்காக அதைப் பார்க்கட்டும்: எல்லையில் இறங்கி மாறாமல் போக இன்னும் சில பஸ்கள், இடதுகரைக் கால்வாயில் தண்ணீர், எந்த மொழியில் படித்தாலும் பக்கத்து ஊரில் மதிப்புள்ள சான்றிதழ். 1938-ல் பஸ்ஸும் அணைத் திட்டத்தில் தண்ணீரும் இவர்களுக்குக் கிடைக்கவே செய்தன. அவற்றை மறுபடி தருவதற்கு மாநிலங்கள் ஒன்றாக வேண்டியதில்லை.