சதுப்பு நிலமும் பீரங்கிப் பயிற்சியும்

அமெரிக்காவில் அலாஸ்கா மாகாணத்து ஆங்கரேஜ் நகரையடுத்து, ஈகிள் ரிவர் பிளாட்ஸ் என்னும் உவர்ச் சதுப்பு நிலம் உளது. 1940-களிலிருந்து அது ராணுவத்தாரின் பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காக இருந்து வந்தது. 1980-களில் அங்கே வாத்துகளும் அன்னங்களும் திரளாக மாண்டன. புகைக் குண்டுகளிலிருந்து சிதறிய வெள்ளைப் பாஸ்பரஸே காரணமெனப் பின்னர் தெளிவாயிற்று. காற்றுப் பட்டால் எரியும் அவ்வஸ்து, ஜலத்தடியிலுள்ள சேற்றில் பல வருஷம் கெடாமல் தங்கும். பறவைகள் அதனை இரையோடு விழுங்கின.

1990-ல் சுடுதல் நிறுத்தப்பட்டது. பிறகு பனிக்கட்டி மூடிய காலத்தில் மட்டும், அவ்வஸ்து இல்லாத குண்டுகளால் சுட இடந்தரப்பட்டது. குட்டைகளை இறைத்துச் சேற்றை உலர்த்தி விஷம் போக்குவதற்குப் பல வருஷங்கள் சென்றன.

பின்னர், எல்லாப் பருவத்திலும் சுடவும், இலக்கு நிலத்தை விஸ்தரிக்கவும் ராணுவத்தார் உத்தேசித்தனர். 1972-ம் வருஷத்து ஜல சுத்தச் சட்டப்படி, சதுப்பைத் தூர்ப்பதற்கு 404-வது பிரிவின் அனுமதி வேண்டும். அதனை அளிப்பது ராணுவத்தின் எஞ்சினீயர் பிரிவே. ஆயினும் ஜலத்தின் தரத்தைக் குறித்து, 401-வது பிரிவின்படி மாகாணத்தாரின் அத்தாட்சியை முன்னரே கோருதல் அவசியம். மாகாணத்தார் நிபந்தனை விதிக்கலாம், மறுக்கவும் செய்யலாம்.

நீர்நிலையைத் தூர்க்க எவர் மனுச் செய்தாலும், அதில் விழுவது யாது, அது எத்தனை காலம் தங்கும் என்று முன்னரே விசாரித்தல் நன்று. கெட்டபின் சீர்செய்வதினும் அதுவே சிக்கனமாம்.