மனச்சிதைவு: ஏறி இறங்கிய எண்கள்

நியூயார்க் மாநில உளமருத்துவ நிறுவனத்தில் 1930களில் சேர்ந்த நோயாளிகளில் சுமார் 20 சதவீதத்தினருக்கு மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) என்று எழுதப்பட்டது. 1952இல் அது 80 சதவீதம்! லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையிலோ நாற்பது ஆண்டுகளாக 20 சதவீதத்தை ஒட்டியே நின்றது. அமெரிக்கப் பெருநகர வாழ்க்கை மனங்களைச் சிதைக்கிறது என்று இதைக்கொண்டு ஒரு கட்டுரையே எழுதிவிடலாம். யாராவது எழுதியும் இருப்பார்கள்.

உண்மையில் மாறியது மருத்துவர்களின் அளவுகோல். சுவிஸ் மருத்துவர் ப்ளாய்லர் 1911இல் தம் நூலில், குரல்கள் கேட்பதைவிடச் சிந்தனைத் தொடர்பு அறுவதே இந்நோயின் அடிப்படை என்றார். அகலமான இந்த வரையறையை அமெரிக்கர்கள் மேலும் அகலமாக்கினார்கள். பிரிட்டிஷார் குறுக்கியே வைத்திருந்தார்கள். இரு நகர நோயாளிகளையும் ஒரே விதமான கேள்விகளால், ஒரே வரையறையால் ஓர் ஆய்வுக் குழு சோதித்தபோது வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிட்டது. 1971இல் வெளியான ஒரு சோதனை எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. புரூக்ளினைச் சேர்ந்த ஒரு நோயாளியின் பேட்டிப் படத்தை இரு நாட்டு மருத்துவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். அமெரிக்கர்களில் 69 சதவீதத்தினர் மனச்சிதைவு என்றார்கள். பிரிட்டிஷாரில் 2 சதவீதத்தினர்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மருந்து இருக்கிறது. மிகை உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை நோய்க்கு லித்தியம் உதவும் என்பதை ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் 1949இல் எழுதினார். அமெரிக்க அரசு அதை அங்கீகரித்தது 1970இல்தான். அதன்பிறகு இரு நோய்களையும் பிரித்தறிவதற்கு அங்கே ஒரு நடைமுறைக் காரணம் பிறந்தது. தவறான பெயர் எழுதப்பட்டவருக்கு லித்தியம் கிடைக்காது. 'இனித் தேறாது' என்ற எண்ணம் மட்டும் குடும்பத்தோடு வீட்டுக்கு வரும்.

1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் மூன்றாம் கையேடு வரையறையை இறுக்கியது. வட அமெரிக்காவின் ஆறு மருத்துவமனைகளில் 1976இல் ஏறக்குறைய 27 சதவீதமாக இருந்த மனச்சிதைவு, 1980களின் இறுதியில் 9 சதவீதத்துக்கு இறங்கியது. மனநிலைக் கோளாறுகள் அதே காலத்தில் 40 சதவீதத்தைத் தாண்டின. முழுவதும் பெயர் மாற்றம்தான் என்றும் நான் சொல்லமாட்டேன். மனச்சோர்வுக்காகச் சேர்பவர்கள் பெருகினால் மற்ற நோய்களின் பங்கு தானே குறையும்; சதவீதக் கணக்கின் குணம் அது. ஆனால் லித்தியத்தையும் கையேட்டையும் விட்டுவிட்டு அந்த இறக்கத்தை விளக்க முடியாது.